மின்காருக்கு மாறினால் எதெல்லாம் தேடும்?

மின்கார் விமர்சனங்கள் பெரும்பாலும் பிக்கப்பில் தொடங்கி, திரையின் அளவைத் தொட்டு, முழு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் என்பதோடு முடிந்துவிடும். வாங்கிச் சில மாதங்கள் ஓட்டியவர்களிடம் கேட்டால் பேச்சு வேறு பக்கம் போகிறது. பழைய பெட்ரோல் காரில் கவனிக்காமலே அனுபவித்த சில வசதிகள் இப்போது இல்லை, மனம் அவற்றைத் தேடுகிறது. அப்படி ஒன்று இருந்தது என்பதே போன பிறகுதான் தெரிகிறது. இங்கே எடை போடப்படுவது ஏதோ ஒரு மாடல் இல்லை, அந்த மாற்றம்தான்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் (கிலோவாட்-மணி) ஆற்றல் இருக்கிறது. 40 லிட்டர் டேங்க் என்றால் 350 யூனிட்டுக்கு மேல். நடுத்தர மின்காரின் பேட்டரி கொள்வது 60 யூனிட், அதாவது ஏழு லிட்டர் பெட்ரோலுக்கும் குறைவு. அதை வைத்துக்கொண்டு 350 கிலோமீட்டர் ஓடிவிடுகிறது. பெட்ரோல் எஞ்சினோ உள்ளே போனதில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கைத்தான் சக்கரத்துக்குத் தருகிறது. மீதி ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெப்பமாகப் போகிறது. பெட்ரோல் கார் ஓர் ஊதாரி. ஆனால் அந்த ஊதாரி வீட்டில் பல வசதிகள் கணக்கில் வராமல் கிடைத்துக்கொண்டிருந்தன. மாறியவர்கள் தேடுவதில் பாதிக்கு மேல் இந்த இடத்திலிருந்துதான் வருகிறது.

வேகத்தை மறந்து ஓட்டும் சுகம்

பெட்ரோல் காரில் நெடுஞ்சாலை மைலேஜ் நகர மைலேஜைவிடக் கூடுதலாக வரும். மின்காரில் தலைகீழ். நகரத்துக்குள் நின்று நின்று போகும்போதுதான் அது சிக்கனமாக ஓடுகிறது. நெடுஞ்சாலையில் காலை அழுத்தினால் சதவீதம் கண் முன்னே இறங்கும்.

காரணம் காற்று. காற்றெதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. 100 கி.மீ. வேகத்திலிருந்து 120-க்குப் போனால் எதிர்ப்பு 44 சதவீதம் கூடும். பெட்ரோல் காருக்கும் அதே காற்றுதான். ஆனால் மெதுவாகப் போகும்போது எஞ்சின் தன் திறனில் மிக மோசமான இடத்தில் ஓடுகிறது. பளு ஏற ஏற அதன் திறன் கூடுகிறது. காற்று தின்னுவதில் ஒரு பகுதியை எஞ்சினின் முன்னேற்றம் ஈடுகட்டிவிடும். மின்மோட்டார் பெரும்பாலான நிலைகளில் 90 சதவீதத்தை ஒட்டியே ஓடுவதால் ஈடுகட்ட அதனிடம் எதுவும் மிச்சமில்லை. எதிர்க்காற்று, மழையில் நனைந்த சாலை, கூரைமேல் பெட்டி, காற்றுக் குறைந்த டயர் எல்லாம் அப்படியே கணக்கில் விழும். டிரெய்லர் இழுத்தால் தூரம் கிட்டத்தட்டப் பாதியாவது சாதாரணம். போதாததற்குப் பல சார்ஜர்களில் வண்டியை நிறுத்தும் இடம் ஒரு காருக்கு மட்டுமே. டிரெய்லரைக் கழற்றி ஓரம் வைத்துவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும்.

திரையில் தெரியும் 'மீதமுள்ள கிலோமீட்டர்' எண்ணை நம்பி ஏமாறுபவர்கள் அதிகம். அந்த எண் கடைசியாக ஓடிய தூரத்தின் செலவை வைத்துப் போடும் ஊகம். ஒரு வாரம் நகரத்துக்குள் ஓடிவிட்டு நெடுஞ்சாலை ஏறினால், திரை 380 என்று காட்டும். கிடைப்பது 290 ஆக இருக்கலாம். பெட்ரோல் முள்ளின்மேல் இருந்த நம்பிக்கை இதன்மேல் வர நாளாகும். முதல் வேலையாக அந்தக் கிலோமீட்டர் எண்ணைச் சதவீதத்துக்கு மாற்றுங்கள். 100 கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் என்ற எண்ணைத் திரையில் நிரந்தரமாக வையுங்கள். நெடுஞ்சாலையில் 18 யூனிட் காட்டினால் 60 யூனிட் பேட்டரியின் ஒவ்வொரு 10 சதவீதமும் 33 கிலோமீட்டர். இந்த மனக்கணக்கு பழகிவிட்டால் திரையின் ஊகம் தேவையே இல்லை. 120-ல் போகிறவர் 105-க்குக் குறைத்தாலே நிலைமை மாறிவிடும், அடுத்த சார்ஜரை எட்டுவதற்கு இதைவிட நிச்சயமான வழி கிடையாது.

கடைசிச் சொட்டு வரை ஓட்டும் பழக்கமும் போகும். பேட்டரி மிகவும் இறங்கியதும் வண்டி தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போது ஏற்றம் வந்தால் பின்னால் வரும் லாரிகளுக்கு நீங்கள் தடை. பாட்டிலில் பெட்ரோல் வாங்கிவரும் வழியும் இங்கே கிடையாது. மாறியவர்கள் இதை முதல் மாதத்திலேயே புரிந்துகொள்கிறார்கள், 15 சதவீதத்தைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்கிறார்கள்.

குளிர்காலத்தில் இலவச வெப்பம்

எஞ்சின் வீணடித்த வெப்பத்தில் ஒரு சிறு பகுதியைத்தான் பெட்ரோல் காரின் ஹீட்டர் உள்ளே திருப்பியது. அதற்கு மின்விசிறி ஓடும் செலவு தவிர வேறு செலவில்லை. மின்மோட்டார் அவ்வளவு சூடாவதில்லை. அதனால் உள்ளே வரும் ஒவ்வொரு டிகிரியும் பேட்டரியிலிருந்து வருகிறது.

எவ்வளவு என்பதை நெரிசலில் பார்க்க வேண்டும். கடும் குளிரில் சாதாரண மின்சுருள் ஹீட்டர் 3 கிலோவாட் இழுக்கிறது என்று வையுங்கள். சராசரி 20 கி.மீ. வேகத்தில் ஒரு மணி நேரம் ஊர்ந்தால் ஓட்டத்துக்கு 3 யூனிட், ஹீட்டருக்கு இன்னொரு 3 யூனிட். செலவு இரட்டிப்பு. அதே ஹீட்டர் நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டருக்கு 3 யூனிட்தான் எடுக்கும், அங்கே உறுத்தாது. குளிர்காலத்தில் சிறுசிறு பயணம் செய்பவர்கள் 'மைலேஜ் பாதியாகிவிட்டது' என்று புலம்புவதும், நீண்ட தூரம் ஓட்டுபவர்கள் 'அப்படியொன்றும் இல்லையே' என்பதும் இதனால்தான். இருவர் சொல்வதும் உண்மை.

வெயில் ஊர்க்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. வெளியே 40 டிகிரி என்றால் உள்ளே 15 டிகிரி இறக்கினால் போதும். வெளியே பூஜ்யம் என்றால் 20 டிகிரிக்கு மேல் ஏற்றியாக வேண்டும். ஏ.சி. நிலைக்கு வந்தபின் பெரும்பாலும் ஒரு கிலோவாட் அளவில்தான் எடுக்கும்.

குளிர்ப் பகுதியில் வாங்குகிறவர், வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை உள்ளே இழுத்துவரும் ஹீட் பம்ப் உள்ள மாடலைக் கேட்டு வாங்க வேண்டும். அது ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டு மூன்று யூனிட் வெப்பம் தரும், உறைநிலைக்கு வெகு கீழே போனால் பலன் குறையும். சீட் ஹீட்டர் நூறு வாட்டுக்குள்ளேயே வேலையை முடித்துவிடும். ஆகவே காற்றின் வெப்பத்தை இரண்டு டிகிரி குறைத்துச் சீட்டைச் சூடாக்குவது கெட்டிக்காரத்தனம். கிளம்புவதற்கு இருபது நிமிடம் முன்பே, சார்ஜர் செருகியிருக்கும்போதே, உள்ளறையைச் சூடாக்கி வைத்தால் அந்தச் செலவு வீட்டு மின்சாரத்தில் போய்விடும். இந்த ஒன்று மட்டும் சாதாரண பெட்ரோல் காரால் செய்ய முடியாத காரியம்.

பங்க்

மிகப் பெரிய இழப்பு இதுதான், சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. நிமிடத்துக்கு 35 லிட்டர் ஊற்றும் பங்க் குழாய், ஆற்றல் கணக்கில் 19 மெகாவாட்டுக்குச் சமம். சக்கரத்துக்குப் போய்ச் சேரும் கால் பங்கை மட்டும் எடுத்தாலும் 4.5 மெகாவாட்டுக்கு மேல். இன்று சாலையோரம் பரவலாகக் காணக்கூடிய வேகமான டி.சி. (நேர்மின்சார) சார்ஜர்கள் அதிகபட்சம் 350 கிலோவாட் அளவு. அதையும் முழுதாக வாங்கிக்கொள்ள 800 வோல்ட் அமைப்புள்ள சில மாடல்களால்தான் நெருங்க முடியும்.

சார்ஜர் பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து நேரத்தைக் கணக்கிட்டால் தவறும். 120 கிலோவாட் பெட்டியில் இரண்டு கன் (காரில் செருகும் கேபிள் முனை) இருந்தால், பக்கத்தில் இன்னொரு கார் வந்து நின்றதும் ஆளுக்கு 60 ஆகலாம். பேட்டரி குளிர்ந்திருந்தால் வண்டியே வாங்க மறுக்கும், ஏனென்றால் குளிரில் வேகமாக ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படிந்து செல் கெடும். 80 சதவீதத்தைத் தாண்டியதும் செல்லின் மின்னழுத்தம் உச்சத்தை நெருங்குவதால் மின்னோட்டம் இறக்கப்படும். 10-லிருந்து 80 வரை அரை மணி என்றால், 80-லிருந்து 100 வரை இன்னொரு அரை மணி பிடிப்பது சகஜம். பெட்ரோல் பழக்கத்தில் 'ஃபுல் பண்ணிடுங்க' என்று உட்கார்ந்திருப்பவர் தன் நேரத்தையும் பின்னால் நிற்பவர் நேரத்தையும் சேர்த்துக் கரைக்கிறார். 15-ல் போய்ச் சேர்ந்து 70, 75-ல் கிளம்பி, அடுத்த சார்ஜரில் மறுபடி போடுவதே மொத்தத்தில் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும். சார்ஜரை வண்டியின் சொந்த வழிகாட்டியில் இலக்காகப் போட்டுவிட்டுப் போனால், பல மாடல்கள் வழியிலேயே பேட்டரியைத் தேவையான சூட்டுக்குக் கொண்டுவந்து வைக்கும். ஃபோனில் உள்ள வழிகாட்டியைப் பார்த்து ஓட்டினால் பெரும்பாலான வண்டிகளுக்கு அந்தச் செய்தி போகாது. குளிரில் இந்த ஒரு வேறுபாடே பதினைந்து இருபது நிமிடத்தை விழுங்கிவிடும்.

நேரம் ஒரு பக்கம் இருக்கட்டும். பங்க் என்ற இடமே தேடும். கூரை, வெளிச்சம், காற்றடிக்கும் குழாய், கண்ணாடி துடைக்கத் தண்ணீர், கழிப்பறை, பிரச்சினை என்றால் கூப்பிட ஓர் ஆள். சார்ஜரோ பல இடங்களில் வாகன நிறுத்தத்தின் கடைசி மூலையில், திறந்த வானத்தின் கீழ் நிற்கிறது. மழையில் சார்ஜ் போடுவது ஆபத்தில்லை. செருகியது உறுதியாகும்வரை மின்சாரம் பாயாது. நனைவது நீங்கள் மட்டும்தான்.

பணம் கட்டுவதிலும் பழைய எளிமை இல்லை. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு செயலி, ஒரு கணக்கு, முன்பணம். ஐரோப்பிய ஒன்றியம் இந்தத் தொல்லையைச் சட்டத்தால் குறைக்கப் பார்த்தது: 2024 ஏப்ரல் 13 முதல் அங்கே புதிதாக நிறுவப்படும் 50 கிலோவாட்டும் அதற்கு மேலுமான பொதுச் சார்ஜர்கள், உறுப்பினராக இல்லாதவரிடமும் வங்கி அட்டையில் பணம் வாங்கியாக வேண்டும். இத்தகைய விதி இல்லாத இடங்களில், பயணத்துக்கு முந்தைய நாளே வழியிலுள்ள நிறுவனங்களின் செயலிகளை இறக்கிப் பணம் போட்டு வைப்பதுதான் வழி. சிக்னல் இல்லாத சாலையோரத்தில் கடவுச்சொல் குறுஞ்செய்திக்காகக் காத்திருப்பது கொடுமை.

சார்ஜ் ஏறாவிட்டால் பெரும்பாலும் தொடக்கத்திலேயே தகராறு. கன்னைச் செருகியதும் வண்டியும் பெட்டியும் பேசிக்கொண்டு, மின்கசிவு இல்லையா என்று பார்க்கும் காப்புச் சோதனை முடித்து, அதற்குப் பிறகே மின்சாரம் விடும். ஒரு நிமிடம்வரை ஆகலாம். அதற்குள் அவசரப்பட்டுக் கழற்றுகிறவர்கள் உண்டு. தடித்த கேபிளின் பளு கன்னைக் கீழே இழுப்பதால் உள்ளே ஊசிகள் சரியாகப் படியாமல் போவதும் உண்டு. பூட்டு விழும் 'க்ளிக்' சத்தம் கேட்கும்வரை கன்னைக் கையால் சற்று மேலே தாங்கிப் பிடித்தால் பல 'தொடர்புப் பிழைகள்' அங்கேயே தீர்ந்துவிடும். அப்படியும் ஏறாவிட்டால் கழற்றி, காரைப் பூட்டித் திறந்து, ஒரு நிமிடம் விட்டு மறுபடி செருகுங்கள். அடுத்தது அதே பெட்டியின் இன்னொரு கன். அதற்கும் மசியாவிட்டால் உதவி எண்ணில் கூப்பிட்டுப் பெட்டியைத் தூரத்திலிருந்தே அணைத்துப் போடச் சொல்லுங்கள். சிவப்பு அவசரப் பொத்தானை மட்டும் சார்ஜை நிறுத்தும் பொத்தானாக நினைத்து அழுத்தாதீர்கள். சில பெட்டிகளை அதன்பின் ஆள் வந்துதான் உயிர்ப்பிக்க வேண்டும்.

சார்ஜ் முடிந்தும் கன் வெளியே வராமல் மாட்டிக்கொள்வது இன்னொரு வகை. முதலில் கன்னை உள்ளே நன்றாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு காரின் பூட்டைத் திறந்துவிடுங்கள். பூட்டு ஊசிமேல் இருக்கும் இழுவிசை தளர்ந்தால் அது பின்வாங்கும். முடியாவிட்டால் டிக்கியின் பக்கச் சுவரிலோ பானெட்டுக்குள்ளோ கையால் இழுத்து விடுவிக்கும் சிறு கயிறு பல மாடல்களில் இருக்கிறது. அது எங்கே என்று வாங்கும் நாளிலேயே பார்த்து வையுங்கள்.

சொந்த நிறுத்துமிடமும் அதில் ஒரு மின்இணைப்பும் உள்ளவருக்கு மேலே சொன்னவை மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை வரும் தொல்லை. 7 கிலோவாட் வீட்டு சார்ஜர் இரவில் எட்டு மணி நேரத்தில் 50 யூனிட் ஏற்றிவிடும், பங்க் பக்கமே போக வேண்டியதில்லை. 230 வோல்ட் சாதாரண 10 ஆம்பியர் பிளக்கில் கிடைப்பது 2.3 கிலோவாட், காலிப் பேட்டரி நிரம்ப ஒரு நாளுக்கு மேல். தினமும் ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஓடுபவருக்கு அதுவே போதும், ஒயரிங்கும் பிளக்கும் மணிக்கணக்கில் முழுப் பளு தாங்குமா என்று எலக்ட்ரீஷியனிடம் காட்டிய பிறகு. வீட்டில் சார்ஜ் போட வழியே இல்லாதவர் முழுக்கப் பொதுச் சார்ஜரை நம்பி மாறுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அவர் பெட்ரோலைத் தினமும் தேடுவார்.

கியரும் சத்தமும்

மேனுவல் கியரை ரசித்து ஓட்டியவருக்கு மின்காரில் கைக்கு வேலையில்லை. பெரும்பாலான மாடல்களில் மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரே ஒரு குறைப்பு கியர்தான். போர்ஷே டைக்கானின் பின் அச்சில் இரண்டு கியர் இருப்பது அரிதான விலக்கு. ஒரே கியர் என்பதால் சிக்னலிலிருந்து பாய்ந்து கிளம்பும் சிறிய மின்கார், 100-ஐத் தாண்டியபின் முந்தப் பார்க்கும்போது அதே பாய்ச்சலைத் தராது. கீழ் கியருக்கு இறக்கி எஞ்சினை உறுமவைத்து முந்திய பழக்கம் உள்ளவர்கள் இந்த இடத்தில் ஏமாறுகிறார்கள். சோதனை ஓட்டத்தில் 0-விலிருந்து அழுத்திப் பார்ப்பதைவிட 80-லிருந்து 120 வரை அழுத்திப் பார்ப்பது பயன்.

ஹூண்டாய் 2023-ல் கொண்டுவந்த அயோனிக் 5 என் மாடலில் எட்டு கியர் இருப்பதுபோல் மென்பொருளே பாவனை செய்கிறது. கியர் மாறும் குலுக்கல், சத்தம் எல்லாம் உண்டு. பந்தயத் தடத்தில் வேகத்தைக் காதால் அளக்க அது உண்மையிலேயே உதவும். கிளட்சையும் கியர் குச்சியையும் நேசித்தவருக்கு அது மாற்றாகாது, அவருக்கு எந்த மென்பொருளும் மாற்றாகாது.

சத்தம் போனது இன்பமா இழப்பா என்பது ஆளைப் பொறுத்தது. ஆனால் எஞ்சின் சத்தம் ஒரு கருவியாகவும் இருந்தது என்பதை மறுக்க முடியாது. ஸ்பீடோமீட்டரைப் பார்க்காமலே வேகம் தெரிந்தது. இப்போது 60 என்று நினைத்துக்கொண்டு 85-ல் போவது எளிது. வேக எச்சரிக்கையைப் போட்டு வைப்பது நல்லது. எஞ்சின் மறைத்திருந்த டயர் இரைச்சலும் கதவோரக் காற்றுச் சத்தமும் சஸ்பென்ஷன் முனகலும் இப்போது வெளியே வருகின்றன. புது வண்டியில் 'ஏதோ சத்தம்' என்ற புகார்களில் பல இந்த வகை. வண்டி ஆனில் இருப்பதை மறந்து இறங்குவதும், ஆனில் இருப்பது தெரியாமல் ஆக்சிலரேட்டரில் காலை வைப்பதும் இன்னும் ஆபத்தானவை. நின்றதும் பி-யில் (பார்க்கிங்) போடுவதைக் கைப்பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். தெருவில் நடப்பவர்களுக்கும் உங்கள் வண்டி வருவது தெரியாது. ஐரோப்பாவில் 2019 ஜூலையிலிருந்து புதிதாக ஒப்புதல் பெறும் மாடல்களுக்கும், 2021 ஜூலையிலிருந்து எல்லாப் புது மின்கார்களுக்கும் 20 கி.மீ. வேகம்வரை எச்சரிக்கை ஒலி கட்டாயம். அதற்கு மேல் டயர் சத்தமே போதும் என்பது கணக்கு. சந்தை நெரிசலில் அந்த மெல்லிய ஒலியை நம்பாமல், ஆள் திரும்பிப் பார்த்தாரா என்று பார்த்தே போக வேண்டும்.

இறக்கத்தில் எஞ்சின் பிடிப்பு

மலையிறக்கத்தில் இரண்டாம் கியரில் போட்டுவிட்டால் பெட்ரோல் எஞ்சின் எப்போதும் பிடித்துக்கொள்ளும். மின்காரின் மீள்மின் பிரேக்கிங், அதாவது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வேகத்தைக் குறைப்பது, அதைவிடச் சிறப்பாகப் பிடிக்கும், கிடைத்ததைப் பேட்டரியிலும் சேர்க்கும். ஆனால் பேட்டரியில் இடம் இருந்தால்தான். மலை உச்சியில் தங்கி இரவெல்லாம் 100 வரை ஏற்றிவிட்டுக் காலையில் இறங்கினால், முதல் சில கிலோமீட்டருக்கு அந்தப் பிடிப்பு மிகவும் குறைவாக இருக்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்தும் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். 1,700 கிலோ வண்டி 500 மீட்டர் உயரம் இறங்கும்போது விடுபடும் ஆற்றல் சுமார் 2.3 யூனிட். உருள் தடையும் காற்றும் தின்றதுபோக மீதிக்கு இடம் வேண்டும். உச்சியில் 85, 90-ல் சார்ஜை நிறுத்தினால் பிரச்சினையே இல்லை. உறைகுளிரில் நின்ற வண்டியிலும் பேட்டரி சூடேறும்வரை இதே குறை.

மீள்மின் பிரேக்கிங் நன்றாக வேலை செய்வதிலும் ஒரு வினை உண்டு. உண்மையான பிரேக் அரிதாகவே தொடப்படுவதால் டிஸ்க்குகளில் துரு படிகிறது, காலிப்பர் ஊசிகள் இறுகுகின்றன. பேட் தேயாமலே பிரேக் வேலை வைக்கும். ஃபோக்ஸ்வாகன் ஐடி.3 பின்சக்கரத்தில் பழைய டிரம் பிரேக்குக்கே திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம். மூடிய டிரம்முக்குள் துரு குறைவு. வாரம் ஒருமுறை, பின்னால் வண்டி வராத நேர்சாலையில், மீள்மின் அளவை மிகக் குறைத்துவிட்டு நான்கைந்து முறை அழுத்திப் பிரேக் பிடித்தால் டிஸ்க் சுத்தமாகிவிடும். ஓடும்போது நியூட்ரல் போட வண்டியின் கையேடு அனுமதித்தால் அதிலும் செய்யலாம். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது இங்கும் மாறவில்லை.

இன்னொன்று, ஆக்சிலரேட்டரை மட்டும் வைத்தே வேகம் கூட்டிக் குறைக்கும் ஒற்றை மிதி ஓட்டம் ஓட்டுகிறவருக்குச் சுகம், பின்சீட்டில் இருப்பவருக்குத் தலைசுற்றல். ஆட்களை ஏற்றினால் மீள்மின் அளவை ஒரு படி குறைத்துவிடுங்கள்.

ஸ்டெப்னியும் மற்றவையும்

டிக்கித் தரையைத் தூக்கிப் பார்த்து, அங்கே ஸ்டெப்னிக்குப் பதிலாக ஒரு குப்பி பசையும் சிறு காற்றுப் பம்பும் கிடப்பதைக் கண்டவுடன் பலருக்கு வயிறு கலங்கும். அந்தப் பசை டயரின் மிதிபரப்பில் விழும் ஆணி ஓட்டைக்கு, அதுவும் நான்கைந்து மில்லிமீட்டர்வரை மட்டும். பக்கச்சுவர் கிழிந்தால் பயனில்லை. குப்பிக்குக் காலாவதித் தேதியும் உண்டு. பளு அதிகமான வண்டி பள்ளத்தில் விழுந்தால் பக்கச்சுவருக்கே அடி என்பதால் இந்தச் சிக்கனம் எங்களுக்கு ஏற்பில்லை. உங்கள் மாடலுக்குத் தற்காலிக ஸ்டெப்னி தனியாகக் கிடைத்தால் வாங்கி வைப்பது நல்லது. ஜாக்கியைக் கையேட்டில் காட்டிய இடத்தில் மட்டுமே கொடுக்க வேண்டும். ஓரத்தில் சற்று உள்ளே தள்ளிக் கொடுத்தால் அமுங்குவது பேட்டரிப் பெட்டி. பஞ்சர் கடைக்காரர் ஜாக்கியை உருட்டி வருவதற்குள் நீங்கள் கீழே குனிந்து இடத்தைக் காட்டிவிடுங்கள். டயர் மாற்றும்போது அதே அளவில் அதே பளுக் குறியீடு உள்ளதைப் போட வேண்டும். மின்கார்களில் அது பெரும்பாலும் கூடுதல் பளு தாங்கும் எக்ஸ்எல் வகை. மோட்டாரின் உடனடி இழுவையும் பேட்டரியின் எடையும் சேர்ந்து டயரைப் பெட்ரோல் காரைவிடச் சீக்கிரம் தேய்க்கும்.

சின்ன 12 வோல்ட் பேட்டரி மின்காரிலும் இருக்கிறது, அது இறங்கினால் 60 யூனிட் பேட்டரி நிரம்பியிருந்தும் வண்டி பிணம். பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலே எனும் மின்சுவிட்சுகளை மூட அந்த 12 வோல்ட்தான் வேண்டும். பெட்ரோல் கார் காலையில் 'ங்...ங்...' என்று இழுத்து இழுத்து ஸ்டார்ட் ஆகி ஒரு வாரம் முன்பே எச்சரிக்கும். மின்காரில் ஸ்டார்ட்டர் இல்லாததால் அந்த முனகல் இல்லை. நேற்று ஓடியது இன்று கதவே திறக்காது. நான்கு வருடம் ஆனதும் ஒவ்வொரு சர்வீஸிலும் அதைச் சோதிக்கச் சொல்லுங்கள். சாவியின் உள்ளே ஒளிந்திருக்கும் உலோகச் சாவியால் திறக்கும் துவாரம் எங்கே, பானெட் மின்சாரம் இல்லாமல் திறக்குமா என்று தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த வண்டியிலிருந்து கேபிள் போட்டு எழுப்பலாம். ஆனால் உங்கள் மின்காரிலிருந்து மற்ற வண்டிக்குக் கொடுப்பதைப் பல கையேடுகள் தடுக்கின்றன. பெட்ரோல் ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியருக்கு அதன் 12 வோல்ட் அமைப்பு கட்டப்படவில்லை.

நாலு பேர் சேர்ந்து தள்ளி ஸ்டார்ட் செய்வது, கயிறு கட்டி இழுத்துப் போவது இரண்டும் போயின. சக்கரம் சுழன்றால் மோட்டார் மின்சாரம் உண்டாக்கி மின்பாகங்களைக் கெடுக்கலாம். முழு வண்டியையும் தூக்கி வைக்கும் பிளாட்பெட் லாரியே வேண்டும். சாலை உதவி எடுக்கும்போது அதில் பிளாட்பெட் உண்டா, எத்தனை கிலோமீட்டர்வரை என்று கேட்டு எடுங்கள்.

தெரு முனை மெக்கானிக்கும் தேடப்படுபவர்தான். சஸ்பென்ஷன், பிரேக், ஏ.சி. ஃபில்டர் எல்லாம் அவர் பார்க்கலாம். ஆரஞ்சு நிறக் கேபிள் ஓடும் எதையும் பயிற்சி இல்லாதவர் தொடக்கூடாது. அதில் 400 வோல்ட், சில வண்டிகளில் 800. பேட்டரிக் குளிரூட்டும் திரவமும் எல்லா வண்டிக்கும் ஒன்றில்லை, சில மாடல்களுக்கு மின்கடத்தல் குறைந்த தனி வகை வேண்டும். 'கூலன்ட்தானே' என்று கையிலிருப்பதை ஊற்றினால் காப்புப் பிழையில் வண்டி நிற்கலாம்.

திரையைத் தடவித்தான் ஏ.சி.யைக் கூட்ட வேண்டும் என்ற எரிச்சலை மட்டும் மின்சாரத்தின்மேல் போடுவது நியாயமில்லை. அது தயாரிப்பாளர்களின் சிக்கனம், புதிய பெட்ரோல் கார்களிலும் இருக்கிறது. கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப் 2026 மதிப்பீட்டிலிருந்து இண்டிகேட்டர், வைப்பர், ஹார்ன் போன்றவற்றுக்குத் தனிப் பொத்தான் அல்லது தண்டு வைப்பதற்கு மதிப்பெண் கொடுப்பதால் சில திரும்பி வரும்.

தேடாதவை

ஆயில் மாற்றுவது, ஸ்பார்க் பிளக், டைமிங் பெல்ட், கிளட்ச் தகடு, சைலன்சர் ஓட்டை, காலை நேர நடுக்கம், கையில் பெட்ரோல் வாடை. இவற்றை யாரும் தேடுவதாகத் தெரியவில்லை. நெரிசலில் மணிக்கணக்கில் ஊர்ந்தபின் வலிக்கும் இடது காலையும்.

சோதனை ஓட்டத்துக்குப் போகும்போது

அரை மணி நேரமாவது கேளுங்கள், அதில் பாதி நெடுஞ்சாலையாக இருக்கட்டும். கிளம்பும்போது பயணச் செலவு எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு, நீங்கள் வழக்கமாகப் போகும் வேகத்தில் போய்வந்து 100 கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் என்று குறித்துக்கொள்ளுங்கள். விளம்பரத் தூரத்தைவிட இந்த எண் உண்மை பேசும். மீள்மின் பிரேக்கிங்கின் எல்லா அளவுகளிலும் ஓட்டி, ஒருமுறை பின்சீட்டிலும் உட்கார்ந்து பாருங்கள். பேட்டரி எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகையா என்எம்சி (நிக்கல் மாங்கனீசு கோபால்ட்) வகையா என்று கேளுங்கள். எல்எஃப்பி என்றால் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் வாரம் ஒருமுறை 100 வரை ஏற்றச் சொல்வார்கள், அதன் மின்னழுத்தம் நடுவில் ஏறாமல் இறங்காமல் இருப்பதால் உச்சிக்குப் போனால்தான் சதவீதக் கணக்கு சரியாகும். என்எம்சி என்றால் தினசரிக்கு 80 போதும், அப்போது உங்கள் அன்றாடத் தூரத்தையும் 80-லிருந்து கணக்கிட வேண்டும். பிறகு டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னி எங்கே, கன் மாட்டிக்கொண்டால் இழுக்கும் கயிறு எங்கே, 12 வோல்ட் முனைகள் எங்கே என்று மூன்றையும் விற்பவரைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். அவருக்கே தெரியவில்லை என்றால் அந்தக் கடையின் சர்வீஸ் மேலாளரைச் சந்தித்துவிட்டு முன்பணத்தைப் பற்றிப் பேசுங்கள்.